பழைய கூப்பேயா, நாலு சில்லும் இழுக்கும் எஸ்யூவியா? வாங்க முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

எங்கள் வீட்டு வாசலில் இரண்டும் நிற்கின்றன. என்னுடையது 2005 அக்யூரா ஆர்எஸ்எக்ஸ்: இரண்டு கதவுக் கூப்பே, ஐந்து கியர், கையால் மாற்றுவது. கணவருடையது 2015 சுபாரு ஃபொரெஸ்ரர், நாலு சில்லும் இழுக்கும் எஸ்யூவி. நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து கிழக்கே ஏஜாக்ஸ் பக்கம் இரவு வேலைக்குப் போகிறவள். பிள்ளைகள், மாமி, அரிசி மூட்டை எல்லாம் ஃபொரெஸ்ரரின் பொறுப்பு. இரண்டையும் மாறி மாறி ஓட்டுகிறேன் என்று தெரிந்ததால், ஒக்ரோபர் பிறந்ததும் சொந்தக்காரரில் யாராவது கேட்பார்கள்: "அக்கா, ஸ்னோவுக்கு எஸ்யூவி எடுக்கவா? அந்தப் பழைய சின்னக் கார் காணுமா?"

இது எடு, அது எடு என்று நான் சொல்வதில்லை. எப்படி ஒப்பிடுவது என்று மட்டும் சொல்வேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கனடாவின் ஒன்ராறியோவில் பழைய கார் வாங்கும் ஒருவருக்கான முறை இது. உதாரணங்கள் என் வாசலில் நிற்கும் இரண்டும்தான், ஆனால் அந்த இடத்தில் ஒரு பழைய சிவிக் கூப்பேயையும் ஒரு ராவ் 4-ஐயும் வைத்தாலும் வேலை ஒன்றுதான்.

முதலில் ஒரு கடுதாசி

போன மாரியில், அதாவது ஸ்னோக் காலத்தில், உங்களுக்குக் கரைச்சல் தந்த நாட்களை எழுதுங்கள். எங்கே மாட்டுப்பட்டீர்கள், எத்தனை மணிக்கு, காருக்குள் யார் இருந்தார்கள் என்று. பலருக்கு இந்தப் பட்டியல் எழுதியவுடனேயே பாதிக் கேள்வி கரைந்துவிடும்.

401 நெடுஞ்சாலையில் நான் மாட்டுப்பட்டதே இல்லை. அதை இரவிரவாக வழித்து உப்புப் போடுகிறார்கள். என்னுடைய பிரச்சினை எல்லாம் வீட்டிலிருந்து பெரிய வீதி வரைக்குமான அந்தச் சின்னத் தூரம். ஸ்னோ வழிக்கும் வண்டி போகும்போது வாசலுக்குக் குறுக்கே ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அதை ஏறிக் கடக்க எத்தனை சில்லு இழுக்கிறது என்பதைவிட, காரின் வயிறு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது முக்கியம். ஃபொரெஸ்ரருக்கு அது 220 மில்லிமீற்றர். என் காரின் முன் பம்பர் அந்த வரம்பை முட்டித் தள்ளும். பிறகு அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். முன்சில்லு அந்தரத்தில் சுற்றும்போது நல்ல ரயர் இருந்தும் பயனில்லை. ஆகவே பார்க்கப் போகும்போது ஒரு அடிமட்டம் கொண்டுபோங்கள். பம்பரின் கீழ் விளிம்பை அளந்து, உங்கள் வாசலில் சேரும் வரம்பை நினைத்துப் பாருங்கள். முன்பு வைத்திருந்த பொடியன் ஸ்பிரிங்கை மாற்றிக் காரைப் பதித்திருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வரலாம்.

தொடர்மாடியில் நிலக்கீழ்த் தரிப்பிடம் உள்ளவருக்கு இந்தக் கணக்கு வேண்டாம், வெட்டிவிடுங்கள்.

இன்னொரு வகையினர் பாரி நகருக்கு அப்பால், 400 நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள். ஜோர்ஜியன் விரிகுடாவிலிருந்து கிளம்பி வரும் ஸ்னோ வீச்சு அங்கே ஒரு நிமிடத்தில் வெள்ளைச் சுவராகிவிடும். அதற்குள் முன்னால் போகிற லொறி எங்கே நிற்கிறது என்பதைச் சுபாருவும் காட்டாது, அக்யூராவும் காட்டாது. அந்த நாளுக்காக எஸ்யூவி வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த நாளில் வீட்டில் நில்லுங்கள் என்பதுதான் என் பதில்.

ரயரைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள்

இந்த ஒன்றை மட்டும் கேட்டாலே எனக்குப் போதும். எஸ்யூவிக்காரர் வருடம் முழுக்க ஓல் சீசன் ரயரில் ஓடுவார், "நாலு சில்லும் இழுக்கும்தானே" என்று. கூப்பேக்காரர் பயத்தில் வின்ரர் ரயர் போட்டிருப்பார். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டினால் கூப்பே நல்லாக நிற்கும். மறுபுறம், கோடைகால ரயரோடு நிற்கும் கூப்பேயை டிசெம்பரில் ஓட்டிப் பார்த்தால் அதற்கு அநியாயம் செய்கிறீர்கள்.

நாலு சில்லுக்கும் விசை போவது புறப்படுவதற்கும் ஏறுவதற்கும் உதவும். நிறுத்துவதற்கு உதவாது, ஏனென்றால் எல்லாக் காருக்கும் பிரேக் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. வளைவில் பிடித்து வைத்திருப்பதும் பெரும்பாலும் ரயரின் வேலை. ஃபொரெஸ்ரர் என் காரைவிடக் கால் தொன்னுக்கு மேல் பாரம். சறுக்கத் தொடங்கினால் அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் நிறுத்தவேண்டும். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்குப் பிரிம்லி வீதி பிளஃபர்ஸ் பூங்காவுக்கு இறங்கும் சரிவு தெரியும். அதில் ஏறி வர ஃபொரெஸ்ரர்தான் சுகம், ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறும். இறங்கும்போது நான் இரண்டையும் ஒரே மாதிரித்தான் இறக்குவேன்: சின்னக் கியரில், மெதுவாக, முன்னுக்குப் போகிறவரிடமிருந்து நிறைய இடைவெளி விட்டு. உசாராக ஏறின வாகனம் உசாராக இறங்கும் என்று நம்புகிறவர்களைத்தான் அங்கே இழுவை வண்டி இழுத்து எடுக்கிறது.

ரயரைப் பார்ப்பது இப்படி. பக்கச் சுவரில் மூன்று மலைமுகடும் நடுவில் பனிச் செதிலும் உள்ள அடையாளம் இருக்கிறதா என்று தேடுங்கள். எம் + எஸ் (சேறும் ஸ்னோவும்) என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது. பிறகு அதே பக்கச் சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கங்கள்: 3619 என்றால் 2019ஆம் ஆண்டின் 36ஆவது கிழமையில் செய்தது. பிறகு பூவின் ஆழம், அதாவது ரயரின் முகத்திலுள்ள வெட்டுகளின் ஆழம். சட்டம் 1.5 மில்லிமீற்றர் வரை விடும், ஆனால் ஸ்னோவில் 4 மில்லிமீற்றருக்குக் கிட்டத் தேய்ந்த ரயரை நம்பக்கூடாது. ஆழம் அளக்கும் கருவி சில டொலர்தான். பத்து வயதான வின்ரர் ரயர் பூவெல்லாம் ஆழமாக இருந்தாலும் கல்லாகப் போயிருக்கும்; நகத்தால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். விற்பவர் "வின்ரர் ரயரும் சேர்த்துத் தருகிறேன்" என்றால் சந்தோசப்பட முதல் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள்.

எஸ்யூவிக்கு மேலதிகமாக ஒரு சோதனை உண்டு. நாலு ரயரும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்ததா என்பது. நாலு சில்லையும் இணைத்து ஓடும் வண்டியில் ஒரு ரயர் மட்டும் புதிதாக, மற்ற மூன்றும் தேய்ந்ததாக இருந்தால், சுற்றளவு வித்தியாசத்தால் முன்சில்லையும் பின்சில்லையும் இணைக்கும் நடுக் கிளச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். சுபாருவுக்கு ரயர்களுக்கு இடையே பூவின் ஆழ வித்தியாசம் 1.6 மில்லிமீற்றருக்குள் இருக்கவேண்டும். இதனால்தான் ஒரு ஆணி குத்தினாலும் சில நேரம் நாலு ரயருக்குக் காசு கட்டவேண்டி வரும். கூப்பேயில் இரண்டோடு முடிந்துவிடும்.

அந்த நாலு சில்லு எந்த வகை?

எஸ்யூவி என்றதும் எல்லாம் ஒரே மாதிரி இழுக்கும் என்று நினைக்கவேண்டாம். பின்கதவில் ஒட்டியிருக்கும் எழுத்தை விட்டுவிட்டு, எந்த வகை என்று கேளுங்கள்.

ஃபொரெஸ்ரரில் எப்போதும் நாலு சில்லுக்கும் விசை போகும். தானியங்கிக் கியரில் வழமையாக முன்னுக்கு 60, பின்னுக்கு 40 என்று பிரித்து, தேவைக்கேற்ப மாற்றும். 2002 முதல் 2006 வரையான ஹொண்டா சிஆர்-வி வேறு வகை. சாதாரணமாக முன்சில்லுதான் இழுக்கும்; முன்சில்லு வழுக்கினால் இரண்டு எண்ணெய்ப் பம்புகளின் அழுத்த வித்தியாசத்தால் பின்பக்கம் இணையும். அதாவது கொஞ்சம் வழுக்கின பிறகுதான் உதவி வரும். அந்த சிஆர்-வியும் என் ஆர்எஸ்எக்ஸும் அடித்தளத்தில் உறவுக்காரர், எஞ்சினும் ஒரே கே வகைக் குடும்பம். ஒன்றைப் பார்த்தால் மற்றது நினைவுக்கு வராது, ஆனால் என் அத்தானின் கராஜில் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் சாமான் தேடுவார்கள்.

மூன்றாவது வகை நெம்புகோலாலோ குமிழாலோ நாலு சில்லை இணைப்பது, சில ஜீப்களிலும் லொறி வகை எஸ்யூவிகளிலும் உள்ளது. பலவற்றில் முன்சில்லும் பின்சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இராது. ஆகவே காய்ந்த வீதியில் இணைத்து ஓடக்கூடாது. பாதி ஸ்னோ பாதி காய்ந்த தார் என்று மாறி மாறி வரும் ரொறன்ரோ வீதியில் இது வேலைக்கு அதிகம் பயன்படாது. வடக்கே காட்டுப் பாதையில் குடிசை வைத்திருப்பவர் வாங்கட்டும்.

இன்னொன்று: சறுக்கும்போது ஒவ்வொரு சில்லாகப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் நிலைப்புக் கட்டுப்பாடு. கனடாவில் இது புதிய கார்களுக்குக் கட்டாயமானது 2011 செப்ரெம்பரில். என் ஆர்எஸ்எக்ஸில் அது இல்லை, பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகி நிற்காமல் காக்கும் ஏபிஎஸ் மட்டும்தான். ஃபொரெஸ்ரரில் இருக்கிறது. மகனுக்குத் தனியாக ஓட்ட விடும் ஜி2 லைசன்ஸ் கிடைத்து அவன் திறப்பைக் கேட்டபோது நான் பார்த்தது இதைத்தான், நாலு சில்லையல்ல. புதிதாக ஓட்டுபவருக்கு வாங்குவதென்றால் இந்த ஒரு வரியைப் பட்டியலின் மேலே எழுதுங்கள்.

கறள்தான் வயது

கூப்பே 2005, எஸ்யூவி 2015 என்பதால் எஸ்யூவி பத்து வயது இளமை என்று எண்ணவேண்டாம். உப்பு வீதியில் ஓடினாலும் கறள் பிடிக்காமல் அடியில் வருடா வருடம் எண்ணெய் அடித்து வைத்திருந்த பழைய கார், ஒருநாளும் அடியைக் கழுவாத புதிய காரைவிட நல்லாக இருக்கும். இரண்டையும் ஹொயிஸ்ற்றில் தூக்கிப் பார்க்காமல் முடிவு எடுக்கவே கூடாது. வாங்க முன் பரிசோதனை என்று கேட்டால் உங்கள் மெக்கானிக் செய்து தருவார். விற்பவரின் மெக்கானிக் வேண்டாம்.

ஆர்எஸ்எக்ஸில் பின்சில்லுக்கு மேலான வளைவு விளிம்பில் கறள் முதலில் கொப்புளிக்கும். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். விரலில் செதில் வந்தால் உள்ளே அதைவிட மோசம். புதிதாகப் பெயின்ற் அடித்திருந்தால் ஒரு குளிர்சாதனப் பெட்டிக் காந்தத்தை வைத்துப் பாருங்கள், கறள் ஓட்டையை அடைத்த பூச்சுக்கட்டியில் அது ஒட்டாது. இரண்டு காரிலும் அடியில் பிரேக் எண்ணெய்க் குழாய், பின்சில்லுகளைத் தாங்கும் சட்டமான பின் சப்ஃபிரேம், பெற்றோல் ஊற்றும் குழாய் இந்த மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். சப்ஃபிரேமில் ஸ்குரூட்ரைவர் புகுந்தால் காரின் பெயர் என்னவென்றாலும் பரவாயில்லை, வேண்டாம்.

எஞ்சினில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. ஆர்எஸ்எக்ஸுக்கு எஞ்சின் பாகங்களை ஒத்து ஓட வைப்பது டைமிங் செயின். பெல்ற் மாற்றும் செலவு இல்லை. அதில் பார்க்கவேண்டியது கியர். குளிர்ந்த காரில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது கரகரத்தால் கியரை உரசாமல் சேர்க்கும் சிங்க்ரோ உள்ளே தேய்ந்துவிட்டது, கியர்ப்பெட்டியைக் கழற்றவேண்டும். ஆர்எஸ்எக்ஸின் வேகமான ரைப்-எஸ் வகை என்றால் இன்னும் கவனம். எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றுக்குக் கிட்டச் சுற்றும், முன்பு வைத்திருந்தவர் சுற்றாமல் விட்டிருக்க மாட்டார்.

ஃபொரெஸ்ரரில் 2010 வரையான 2.5 எஞ்சினுக்கு டைமிங் பெல்ற், அதோடு எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கும் ஹெட் கஸ்கற் ஒழுக்குக்குப் பேர்போனது. 2011இல் செயின் உள்ள எஞ்சின் வந்தது. ஆனால் 2011 முதல் 2014 வரையானவை எண்ணெய் குடிக்கின்றன என்று அமெரிக்காவில் கூட்டு வழக்கு வரை போனது. ஆகவே "எப்ப எண்ணெய் மாற்றினீங்கள்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிடம் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். மாற்றி ஒரு மாதம்தான், ஆனால் அளவு கீழ்க் கோட்டில் நிற்கிறது என்றால் பதில் கிடைத்துவிட்டது. விற்பவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், நான் வரும்வரை ஸ்ரார்ட் பண்ணவேண்டாம் என்று. சூடான எஞ்சின் பல நோயை மறைக்கும்.

ஒரே வழி, ஒரே நாள்

இரண்டையும் வெவ்வேறு கிழமையில், வெவ்வேறு விற்பனையாளர் காட்டும் வழியில் ஓட்டிப் பார்த்தால் ஒப்பீடு நடக்காது. உங்கள் சொந்த வழியில் ஓட்டுங்கள். என் வழி: குழி விழுந்த பக்கத்து வீதி, மார்க்கம் வீதியில் சிக்னல் வெளிச்சங்களில் நின்று நின்று போகும் பகுதி, 401 கிழக்கு ஏறுபாதை, ஒரு வெளியேறல், பிளாசாவில் ஒரு தரிப்பு.

முதலில் காய்ந்த தரிப்பிடத்தில் ஸ்ரியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். கூப்பேயில் முன்பக்கம் டக் டக் என்றால் சில்லுக்கு விசை கொடுக்கும் சிவி மூட்டு போய்விட்டது, அது பெரிய செலவல்ல. எஸ்யூவி யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோலத் திமிறினால் நடுக் கிளச்சில் கோளாறு, அது பெரிய செலவு. மெதுவாக ஒரு வட்டம் போதும். ஸ்னோ விழுந்த தரிப்பிடத்தில் சுற்றிச் சறுக்கிக் காட்டும் எண்ணம் இருந்தால் விடுங்கள். 2021 முதல் வீதியில் வித்தை காட்டி ஓட்டுவதற்கு எதிரான ஒன்ராறியோவின் ஸ்ரண்ட் சட்டம் தரிப்பிடங்களுக்கும் பொருந்தும். அந்த இடத்திலேயே 30 நாள் லைசன்ஸ் போகும், 14 நாள் காரும் போகும்.

ஏறுபாதையில் ஆர்எஸ்எக்ஸ் சந்தோசமானது, மறைக்கமாட்டேன். 160 குதிரைவலு என்பது இன்று பெரிய எண் அல்ல, ஃபொரெஸ்ரருக்கு 170. ஆனால் பாரம் குறைவு, கியர் என் கையில், லொறிகளுக்கு இடையில் எங்கே நுழைவது என்று நான் தீர்மானித்த கணத்தில் அது அங்கே இருக்கும். ஃபொரெஸ்ரர் கொஞ்சம் யோசித்து, சத்தத்தை உயர்த்தி, பிறகு வரும். பத்து வருடமாகக் கியர் மாற்றி ஓட்டிய கைக்கு இது ஒரு சின்னக் கவலைதான்.

மறுபக்கம், பன்னிரண்டு மணிநேர வேலை முடித்து விடியற்காலையில் திரும்பும்போது எல்லாம் மாறும். பதிந்த காரில் வீதியின் ஒவ்வொரு விரிசலும் முதுகில் எழுதும். பின்னால் வரும் பிக்கப்பின் லைற் நேரே கண்ணாடியில் அடிக்கும். ஃபொரெஸ்ரரின் பெரிய யன்னல்களில் சுற்றிலும் தெரியும். என் காரில் பின்தூண் ஒரு முழுக் காரையே மறைக்கும். ஆகவே ஓட்டிப் பார்ப்பதை ஞாயிறு மத்தியானம் வைக்காதீர்கள். நீங்கள் உண்மையில் ஓட்டும் நேரத்தில், களைத்திருக்கும்போது ஓட்டுங்கள்.

ஏறி இறங்குகிறவர்களையும் கூட்டிப் போங்கள்

மாமிக்கு முழங்கால் வருத்தம். ஆர்எஸ்எக்ஸின் முன்சீற்றில் சேலையோடு இறங்கி உட்காரும்போது கடைசி அரை அடி விழுந்துதான் உட்காருவார். எழும்ப ஒரு கை வேண்டும். ஃபொரெஸ்ரரின் சீற் அவர் இடுப்பு உயரம், பக்கவாட்டில் திரும்பி இருந்தால் சரி. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு எந்தக் கார் போகும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.

கைக்குழந்தை இருந்தால் குழந்தை இருக்கையையே கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். பின்னோக்கிய இருக்கையை வைத்தபின் முன்சீற்றில் உங்கள் கணவரின் கால் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். இரண்டு கதவுக் காரின் கதவு நீளம். நெருக்கமான பிளாசாவில் பக்கத்துக் கார் நின்றால் அது பாதிதான் திறக்கும், அந்த இடுக்கால் குழந்தையை வளைத்து எடுக்கும் வேலை மாரிக் கோட்டோடு இன்னும் மோசம்.

சாமான் ஏற்றுவதில் மட்டும் கூப்பேயைக் குறைத்து எடைபோடாதீர்கள். ஆர்எஸ்எக்ஸுக்குப் பின்கண்ணாடியோடு தூக்கும் கதவு. பின்சீற்றை மடித்தால் தட்டையான அலுமாரிப் பெட்டிகள் உள்ளே போகும். வளர்ந்த ஆள் பின்னுக்கு இருந்தால் மட்டும் அந்தக் கதவை மெதுவாக மூடுங்கள், கண்ணாடி தலைக்கு நேர் மேலே வரும்.

காசு

பெற்றோல் கணக்கில் ஒரு பொறி உண்டு. 2015 மாதிரி ஆண்டிலிருந்து கனடாவில் எரிபொருள் அளவை ஐந்து வகைச் சோதனையில் எடுக்கிறார்கள். அதற்கு முன் இரண்டு வகைதான், அதனால் பழைய ஸ்ரிக்கரிலுள்ள எண் அழகாகத் தெரியும். 2005 காரின் பழைய எண்ணை 2015 காரின் எண்ணோடு வைத்தால் பொய்யான வெற்றி. கனடா இயற்கை வளத் திணைக்களத்தின் தளத்தில் 1995 முதல் 2014 வரையான கார்களுக்குத் திருத்திய எண் இருக்கிறது, அதை எடுங்கள். 100 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வித்தியாசம் என்றால், வருடம் 15,000 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 150 லீற்றர். பலர் நினைக்கும் அளவுக்கு இது முடிவை மாற்றாது.

இன்சூரன்ஸ் மாற்றும். இரண்டு காரின் விஐஎன் எண்ணையும் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) கொடுத்து, வாங்க முன் விலை கேளுங்கள். "பழைய கார் மலிவு" என்பது ஓட்டுபவர் 19 வயதுப் பொடியன் என்றால் உண்மையாகாது. எஸ்யூவிக்கு வேறு கவலை: ஒன்ராறியோவில் அதிகம் களவு போகும் பட்டியல்களில் சிஆர்-வி, ராவ் 4, ஹைலாண்டர் திரும்பத் திரும்ப வருகின்றன, சில நிறுவனங்கள் கண்காணிப்புக் கருவி இல்லாவிட்டால் மேலதிகம் கேட்கின்றன. திறப்பைச் செருகித் திருப்பும் என் காரை அந்த வகைக் கள்ளர் திரும்பியும் பார்ப்பதில்லை. எதை வாங்கினாலும் வின்ரர் ரயர் போட்டால் 2016 முதல் ஒன்ராறியோவில் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் விலைக்கழிவு தரவேண்டும். நீங்கள் கேட்டால்தான் பலர் தருவார்கள்.

கையிலிருந்து காசு போக முன்

விற்பவர் தரவேண்டிய யூவிஐபி பொதியை, அதாவது பழைய கார் விவரப் பொதியை, வாங்கிப் பாருங்கள், 20 டொலர்தான், காரின் மேல் கடன் இருந்தால் அதில் தெரியும். கார் ஓடத் தகுதியானது என்று கராஜ் தரும் சேஃப்ரி சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும். அன்றைய நாளில் குறைந்தபட்சத் தரம் இருந்தது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. தனியாரிடம் வாங்கினால் சேர்விஸ் ஒன்ராறியோ அரச அலுவலகத்தில் 13 வீத வரி, நீங்கள் கொடுத்த விலைக்கா, பழைய கார் விலைப் பட்டியலான ரெட் புக் பெறுமதிக்கா, எது கூடுதலோ அதற்கு.

கடைசியாக விஐஎன் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு றீகோல் (குறையுள்ள பாகத்தை மாற்றித் தர நிறுவனம் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். தகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளுக்கான றீகோலில் 2005, 2006 ஆர்எஸ்எக்ஸும் இருக்கின்றன, 2009 முதல் 2013 வரையான ஃபொரெஸ்ரரும் இருக்கிறது. மாற்றுவது இலவசம். மாற்றாமல் நிற்கும் கார் என்றால், விற்பவரே டீலரிடம் கொண்டுபோய் மாற்றி, பற்றுச்சீட்டைக் காட்டட்டும். அதுவரை முற்பணம் கொடுக்கவேண்டாம்.